வெளிச்சம் இல்லாத ஹால்ல 11 வகை செடி வெச்சேன், 7 போச்சு: மீன் தொட்டி போஸ்ட்மார்ட்டம்

எங்க வீடு கிரவுண்ட் ஃப்ளோர், சென்னையில. ஹால்ல இருக்கறது ஒரே ஜன்னல், அதத் தொறந்தா பக்கத்து அபார்ட்மென்ட் செவுரு, கைய நீட்டினா தொட்டுடலாம். மத்தியானம் 12 மணிக்கே ட்யூப்லைட் போட்டாதான் பேப்பர் படிக்க முடியும். அப்படிப்பட்ட ஹால்ல டிவிக்குப் பக்கத்துல ரெண்டடி தொட்டி வெச்சு, பிளாஸ்டிக் இல்லாம நெஜச் செடியா வளக்கணும்னு போன ஜனவரில ஆசை வந்துச்சு. இப்ப நவம்பர். நடுவுல என்னென்ன செத்துச்சு, எதனால செத்துச்சுன்னு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன், அதத்தான் இங்க ஒழுங்கா எழுதறேன். எனக்கு இருந்த நெனப்பு "வெளிச்சம் பத்தல, அதான் செடி செத்துச்சு"ன்னுதான், ஆனா நோட்ட வெச்சு ஒண்ணொண்ணா எண்ணிப் பாத்தப்ப கதை வேற மாதிரி இருந்துச்சு.

மொதல்ல தொட்டி விவரம். 24 இன்ச் நீளம், 12 அகலம், 15 உயரம், மணல் கல்லு எல்லாம் போக 60 லிட்டர் தண்ணி நிக்கும். கீழ ஆத்து மணல் ரெண்டு இன்ச். வீடு கட்டற இடத்துல மிச்சம் கெடந்ததுதான், அலசி அலசி கை போச்சு, ஒரு பிடி எடுத்து மேல வினிகர் ஊத்திப் பாத்தேன், நுரைச்சா கிளிஞ்சல் கலந்திருக்குன்னு அர்த்தம், நுரைக்கல. தண்ணி பாதி மெட்ரோ வாட்டர், பாதி எங்க போர். போர் தண்ணி டிடிஎஸ் 900க்கு மேல, பக்கெட்ல வெள்ளையா படியற ரகம், கலந்தா 550 கிட்ட வரும். மீனு கப்பி எட்டு, பிளாட்டி நாலு. லைட்டு தொட்டியோட வந்த மூடிலயே ஒட்டின ரெண்டு எல்இடி பட்டை, மொத்தம் 18 வாட்.

மீன், தொட்டிக் கடைங்க வரிசையா இருக்கற கொளத்தூர் போனேன். போனவங்களுக்குத் தெரியும், அந்தத் தெருவுல நடந்தா பர்ஸு தானா தொறக்கும். ஒரு கடையில (பேரு வேணாம்) தம்பிகிட்ட வீட்ல வெளிச்சம் கம்மி, எது வரும்னு கேட்டேன், "எல்லாமே வரும்க்கா, லைட்டு இருக்குல்ல"ன்னான். லைட்டு இருக்குதான். 1,150 ரூபாக்கு பதினோரு வகை அள்ளிட்டு வந்தேன்: சிவப்பு ஆல்டர்நான்தெரா, கபோம்பா, ஹேர்கிராஸ் ஒரு கப்பு, அவன் வெறும் "ரெட் பிளான்ட்"னு குடுத்த ஒண்ணு, லக்கி பேம்பூ மூணு, ஜாவா ஃபெர்ன், ஜாவா மாஸ், வாலிஸ்நேரியா ஒரு கட்டு, கிரிப்டோகோரைன் வெண்ட்டி ரெண்டு பாட், அமேசான் ஸ்வார்ட் ஒண்ணு, அனுபியாஸ் நானா ஒண்ணு. அன்னிக்கு ராத்திரி எல்லாத்தையும் வரிசையா நட்டு லைட்டப் போட்டப்ப, சொல்லக்கூடாது, பெரிய கடையில கண்ணாடிக்குள்ள வெச்சிருக்கற தொட்டி மாதிரியே இருந்துச்சு. எங்க அத்தை ரிமோட்ட கீழ வெச்சுட்டு வந்து பாத்துட்டு "என்னம்மா, கீரைப்பாத்தி போட்டிருக்க"ன்னாங்க.

மார்ச் முடியறதுக்குள்ள ஏழு வகை காலி.

மொதல்ல போனது அந்த "ரெட் பிளான்ட்". மூணு வாரம் கூட இல்ல, இலையெல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி ஆகி, தொட்டா கையோட வந்துச்சு. அப்புறம் தேடிப் பாத்தா அது பர்ப்பிள் வாஃபிள், நர்சரில தொட்டியில வெச்சு விக்கற நிலச்செடி, தண்ணிக்குள்ள மூழ்கினா மூச்சு முட்டித்தான் சாகும், அதுக்கு சூரியனையே கொண்டு வந்து மேல மாட்டினாலும் பிரயோஜனம் இல்ல. லக்கி பேம்பூவும் அதே கேஸ்தான். அது மூங்கிலே கிடையாது, ட்ரசீனா வகை, வேரு தண்ணில இருந்து இலை வெளிய இருந்தா வருஷக்கணக்கா இருக்கும், நான் மூணையும் முழுசா முக்கி வெச்சேன், தண்டு மஞ்சளாகி ஒரு நாள் காலைல மூடியத் தொறந்தா சாக்கடை வாடை. ஆக ரெண்டு வகை செத்ததுக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்ல, வித்ததே தப்பு, கேக்காம வாங்கினதும் தப்பு.

ஆல்டர்நான்தெரா, கபோம்பா, ஹேர்கிராஸ் மூணும் நெஜமாவே வெளிச்சம் பத்தாம செத்ததுங்க. இது எப்படித் தெரியும்னா சாகற விதத்துல தெரியும். ஆல்டர்நான்தெரா அடி இலையிலேருந்து ஒவ்வொண்ணா உதிர்த்துட்டே வந்துச்சு, ஆனா நுனி மட்டும் வளந்துட்டே இருக்கும், கணுவுக்கும் கணுவுக்கும் நடுவுல இடைவெளி கூடிக்கிட்டே போகும், வெளிச்சத்தத் தேடி எட்டி எட்டிப் போறது அது. செவப்பு போய் ஒரு மாதிரி அழுக்கு பச்சை. கபோம்பா அதே மாதிரி நூலா நீண்டு, அப்புறம் ஊசி ஊசியா கொட்டி ஃபில்டர் ஸ்பாஞ்ச அடைச்சுது, வாரத்துக்கு ரெண்டு தடவ கழுவினேன். ஹேர்கிராஸ் வளரவும் இல்ல, சாகவும் இல்ல, அப்படியே நின்னு அது மேல பழுப்பு பாசி படிஞ்சு ஒரு நாள் பழைய பல் தேய்க்கற பிரஷ் மாதிரி ஆயிடுச்சு.

மிச்சம் ரெண்ட நானே கொன்னேன். ஜாவா ஃபெர்ன எல்லாச் செடி மாதிரியும் மணல்ல குழி தோண்டி நட்டேன். அதுக்கு கிழங்கு மாதிரி படுத்தவாக்குல ஒரு தண்டு இருக்கும், ரைசோம்னு சொல்வாங்க, இஞ்சிய நெனச்சுக்கோங்க, அது மணலுக்கு வெளிய இருக்கணும், உள்ள பொதைச்சா அழுகும். காட்டு ஓடைல பாறையிலயும் மரவேர்லயும் ஒட்டி வளர்ற செடிய நான் பொதைச்சு வெச்சுட்டு, இலை கருப்பானதும் "பாரு, லைட்டு பத்தல"ன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பொலம்பினேன். புடுங்கிப் பாத்தா தண்டு கொழகொழன்னு. இன்னொரு காமெடி, அதுக்கு முன்னாடியே நல்லா இருந்த ரெண்டு இலைய இலைக்கு அடியில வரிசையா கருப்பு புள்ளி இருக்குன்னு நோய்னு நெனச்சு வெட்டிப் போட்டிருந்தேன், அது நோயில்ல, பெரணிச் செடி விதைக்குப் பதிலா விடற ஸ்போர், அந்த மாதிரி இலைலேருந்தே குட்டிச் செடி வரலாம்.

வாலிஸ்நேரியா கதை இன்னும் வயித்தெரிச்சல். அது எங்க தண்ணிக்கு பொருத்தமான செடி, உப்புத் தண்ணில இருக்கற பைகார்பனேட்லேருந்தே கார்பன எடுத்துக்கும், அதனால கடினத் தண்ணில மத்த செடி தெணறும்போது இது பாட்டுக்கு ஓடும். கம்மி வெளிச்சத்துலயும் ரெண்டு பக்கக் கன்னு விட்டுச்சு. நான் பாசி ஒழிய லிக்விட் கார்பன்னு விக்கறாங்களே, அத ஊத்தினேன். அந்த பாட்டில்ல இருக்கறது பெரும்பாலும் குளுட்டரால்டிஹைடு, ஆஸ்பத்திரில கருவி சுத்தம் பண்ற கிருமிநாசினி அது, வாலிஸ்நேரியாவுக்கு ஆகவே ஆகாது. நாலு நாள்ல மொத்தக் கட்டும் சேமியா பாயசத்துல கரைஞ்ச சேமியா மாதிரி ஆயிடுச்சு.

ஏன் பாசி வந்துச்சு, ஏன் அத ஊத்தினேன்னு கேட்டா, அதுதான் இந்த கேஸோட மையம். செடியெல்லாம் வரிசையா போறத பாத்து மார்ச் மொத வாரம் 36 வாட்ல ஒரு லைட்டு வாங்கி மாட்டினேன், ஒரு நாளைக்கு பத்து மணி நேரம் போட்டேன். பத்து நாள்ல கண்ணாடி பச்சை, அனுபியாஸ் இலை ஓரமெல்லாம் கருப்பு தாடி மாதிரி பாசி, கல்லு மேல பச்சை முடி. வெளிச்சம்ங்கறது செடிக்கு வேலை குடுக்கற மொதலாளி மாதிரி, வேலைய ஏத்தினா அதுக்கு ஏத்த கார்பன் டை ஆக்சைடும் உரமும் குடுக்கணும், என் தொட்டில அந்த வாயுவ விடற சிலிண்டர் கிடையாது, காத்துலேருந்து தண்ணில கரையறதும் மீன் விடறதும் சேத்து ரெண்டு மூணு பிபிஎம் இருந்தா அதிகம். வெளிச்சம் கம்மியா இருக்கும்போது அந்த ரெண்டு மூணே செடிக்குப் போதும், ஏத்தின ஒடனே பத்தாது, செடி நின்னுடும், மிச்ச வெளிச்சத்த பாசி சாப்பிடும், பாசிக்கு எதுவும் பெருசா வேணாம். ஆக வெளிச்சம் பத்தலன்னு வெளிச்சத்த ஏத்தினா தீரல, வேற பிரச்சனை வந்துச்சு.

ஏப்ரல் கடைசில எல்லாத்தையும் வெளிய எடுத்து, தொட்டிய காலி பண்ணி, மொதல்லயே பண்ணியிருக்க வேண்டியத அப்பதான் பண்ணேன். ஃபோன்ல லக்ஸ், அதாவது வெளிச்ச அளவு, பாக்கற ஆப் போட்டு, ஸ்கிரீன் மேல பாக்கற மாதிரி காலித் தொட்டி அடியில வெச்சு, மூடிய மூடி, பழைய 18 வாட் லைட்டப் போட்டேன். நடுவுல 1,400 லக்ஸ். முன்பக்க வலது மூலைல 600. லைட்ட அணைச்சா ஹால் வெளிச்சம் மட்டும் 80. இத எதோட ஒப்பிடணும்னா, உச்சி வெயில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ். வெள்ளை எல்இடிக்கு லக்ஸ 70ஆல வகுத்தா பார் (PAR), அதாவது செடி ஒளிச்சேர்க்கைக்கு எடுத்துக்கற வெளிச்சத்தோட அளவு, தோராயமா வரும், அப்ப நடுவுல 20, மூலைல ஒம்போது. அடிமட்டத்துல 15லேருந்து 30 வரைக்கும் இருந்தா அத லோ லைட் தொட்டின்னு செடி வளக்கறவங்க சொல்வாங்க. அதே எடத்துல 36 வாட்டுக்கு 4,200 வந்துச்சு, அதாவது 60, அது சிலிண்டர் வெச்சிருக்கறவங்க வெளையாட்டு. ஃபோன் சென்சார் துல்லியம் கிடையாது, தண்ணி ஊத்தினா இன்னும் கொஞ்சம் கொறையும், ஆனா இந்தத் தோராயமே போதும், எந்த மூலைல எத வெக்கலாம்னு இந்த மூணு நம்பர் சொல்லிடுச்சு. 36 வாட் லைட்டு இப்ப மாடிப்படிக்கு கீழ துணி அயர்ன் பண்ற எடத்துல எரியுது, நல்லா இருக்கு.

அப்புறம் செடியப் பாத்தேன், பாட்டில் லேபிள பாக்காம அது எந்த ஊர்லேருந்து வருதுன்னு. அனுபியாஸ் மேற்கு ஆப்பிரிக்காக் காட்டு ஓடைங்கள்ல மர நிழல்ல வளர்றது, இலை தோல் செருப்பு மாதிரி கெட்டி, மாசத்துக்கு ஒரு இலை விட்டா பெரிய விஷயம். கிரிப்டோகோரைன் வெண்ட்டி நம்ம பக்கத்து வீடு, இலங்கைல மட்டும் இயற்கையா இருக்கற செடி, 1958ல தான் அதுக்கு அந்தப் பேரு வெச்சாங்க, அங்க மரம் மூடின ஓடைக் கரைலதான் அது வாழ்க்கை. மெதுவா வளர்றவனுக்கு சம்பளமும் கம்மி போதும், அவ்ளோதான் விஷயம். ஆல்டர்நான்தெரா செவப்பா இருக்கறதுக்கே வெளிச்சம் வேணும், அதக் கொண்டு வந்து 20 பார்ல வெச்சது என் தப்பு.

கிரிப்ட் பத்தி தனியா சொல்லணும். வாங்கிட்டு வந்த ரெண்டாவது வாரம் ரெண்டு பாட்லயும் இலை ஓட்டையாகி, கஞ்சி மாதிரி கரைய ஆரம்பிச்சுது. ஒண்ண புடுங்கி குப்பைல போட்டுட்டேன். இன்னொண்ணு கல்லுக்குப் பின்னாடி இருந்ததால கண்ணுல படல, அதனால பொழைச்சுது. ஆறு வாரம் கழிச்சு பாத்தா அதே எடத்துல ஒல்லியா, பழுப்பும் பச்சையுமா அஞ்சு இலை. கடைக்கு வர்ற கிரிப்ட்ல பாதிக்கு மேல பண்ணைல தண்ணிக்கு வெளிய ஈரத்துல வளத்தது, அந்த இலை காத்துக்கு ஏத்த இலை, தண்ணிக்குள்ள வந்ததும் பழச கழட்டிப் போட்டுட்டு புது இலை விடும், கெழங்கும் வேரும் கெட்டியா இருந்தா தொடக்கூடாது. அப்ப நான் தூக்கிப் போட்டது உயிரோட இருந்த செடி. ஏழு வகைன்னு எண்ணும்போது இத சேக்கல, சேத்தா என் கணக்கு இன்னும் மோசமாகும்.

இப்ப கணக்க பாருங்க. ஏழுல மூணுதான் வெளிச்சத்தால. ரெண்டு தண்ணிச் செடியே இல்ல. ரெண்டு நான் பண்ணது.

மே மாசம் ரெண்டாவது ரவுண்டு ஆரம்பிச்சேன். பொழைச்ச அனுபியாஸ ரைசோம ரெண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டுலயும் நாலு இலை இருக்கற மாதிரி பாத்து, கல்லுல ஃபெவிக்விக் ரெண்டு சொட்டு விட்டு ஒட்டினேன், தண்ணில பட்டதும் வெள்ளையா எறுகிடும், மீனுக்கு ஒண்ணும் ஆகல. ஜாவா ஃபெர்ன் புதுசா வாங்கி கருப்பு தையல் நூல்ல மரக்கட்டைல கட்டினேன், இந்த தடவ பொதைக்கல. கிரிப்ட் இன்னும் மூணு பாட், நடுவுல 1,400 வர்ற எடத்துல, வேருக்குப் பக்கத்துல ரூட் டேப், அதாவது மணலுக்குள்ள சொருகற உர மாத்திரை. ஸ்வார்ட் அப்படியே இருக்கு, கடையில ஒரு முழம் வளரும்னாங்க, என் தொட்டில அது ஆறு இன்ச்சுக்கு மேல போகல, அத நான் நல்லதாவே எடுத்துக்கிட்டேன். வாலிஸ்நேரியாவ பின்பக்கம் திரும்ப வெச்சேன், அந்த பாட்டில பக்கத்துல கூட கொண்டு போகல, இப்ப மேல வரைக்கும் போய் மடங்கி நிக்குது. லைட்டு பழைய 18 வாட்டே, டைமர்ல சாயங்காலம் அஞ்சுலேருந்து பதினொண்ணு, ஆறு மணி நேரம், நாங்க வீட்ல இருந்து பாக்கற நேரம். உரம் பாட்டில்ல போட்டிருக்கற அளவுல பாதி, வாரத்துக்கு ஒரு தடவ. தண்ணி வாரம் கால்வாசி மாத்தறேன்.

அதுலயும் அடி வாங்காம இல்ல. மே கடைசில தண்ணி 32 டிகிரி, ஜாவா மாஸ் பாதி பழுப்பாயிடுச்சு, அதுக்கு குளிர்ச்சி வேணும், மூடியத் தொறந்து வெச்சு டேபிள் ஃபேன் காத்து தண்ணி மேல படற மாதிரி வெச்சேன், ரெண்டு மூணு டிகிரி எறங்குச்சு, ஆனா தினமும் ஒரு சொம்பு தண்ணி ஆவியாப் போகும், ஊத்திட்டே இருக்கணும். மழைக்கு அப்புறம் மாஸ் திரும்பிடுச்சு.

ஜூன்ல தஞ்சாவூர் பக்கம் எங்க ஊருக்குப் போனப்ப வாய்க்கால்லேருந்து வேலம்பாசி, அதான் ஹைட்ரில்லா, ஒரு பை நெறைய கொண்டு வந்தேன். ஸ்கூல்ல புனலும் சோதனைக் குழாயும் வெச்சு ஒளிச்சேர்க்கை காட்டுவாங்களே, அதே செடிதான். காசு இல்ல, நம்ம தண்ணி நம்ம சூடு எல்லாம் பழகினது, மத்த செடிங்க தாக்குப் பிடிக்காத இருட்டுலயும் இது வளரும், உச்சி வெயில்ல நூத்துல ஒரு பங்கு வெளிச்சம் இருந்தாலே போதும்ங்கற ஜாதி. 1950கள்ல இலங்கைலேருந்து தொட்டிச் செடியா அமெரிக்காவுல ஃப்ளோரிடாவுக்குப் போய், அங்க ஏரி கால்வாயெல்லாம் மூடி, இன்னிக்கு வரைக்கும் அவங்க அதோட மல்லுக்கட்டறாங்க. என் தொட்டில நல்லாவே வந்துச்சு. ஆனா கழுவாம போட்டது தப்பாப் போச்சு. ஒரு வாரத்துல கப்பிக் குட்டிங்க ஒண்ணொண்ணா காணோம், ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தா செடித் தண்டுல கட்டை விரல் நகம் அளவு பூச்சி ஒண்ணு, தும்பியோட குஞ்சு, முகத்துக்கு அடியிலேருந்து கை மாதிரி ஒண்ண டக்குனு நீட்டி குட்டிய புடிச்சு இழுத்துச்சு. அத நான் பாத்துட்டே நின்னேன், அவ்ளோ வேகம். இப்ப எந்தச் செடி வந்தாலும் படிகாரத் தண்ணில ரெண்டு மணி நேரம் ஊற வெச்சு, நல்லா அலசி, தனி பக்கெட்ல ஒரு வாரம் வெச்சுதான் உள்ள விடறேன். செடியோட ஒட்டி வர்ற நத்தைக்கும்தான் இந்தப் படிகாரம்.

மொத்தத் தொட்டிலயும் நல்லா வளர்ற செடி எதுன்னா, அது நான் வாங்கினதே இல்ல. எங்க அத்தை சமையக்கட்டு ஜன்னல்ல ஹார்லிக்ஸ் பாட்டில்ல மணி பிளான்ட் வெச்சிருந்தாங்க, பாட்டில் விரிசல் விட்டப்ப "இதுலயே கெடக்கட்டும்"னு மூடியில ஒயர் போற ஓட்டை வழியா தண்டத் தொட்டிக்குள்ள சொருகிட்டாங்க. எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ரெண்டு மாசத்துல வெள்ளை வேரு ஒரு அடிக்குத் தொங்குது, கப்பிக் குட்டிங்க அதுக்குள்ளதான் ஒளியுது, இலை டிவி ஸ்டாண்டத் தாண்டிப் போகுது. இலை வெளிய இருக்கறதால கார்பன் டை ஆக்சைடுக்கு அதுக்குப் பஞ்சமே இல்ல, வீட்டு வெளிச்சமும் போதும், மீன் கழிவ மட்டும் வேரால உறிஞ்சுது. தண்ணி டெஸ்ட் பண்ற ஸ்ட்ரிப் வெச்சுப் பாத்தா, மீன் கழிவுலேருந்து வர்ற நைட்ரேட் 40லேருந்து பத்துப் பக்கம் வந்திருக்கு, கண்ணாடில பாசி தொடைக்கறதும் வாரத்துக்கு ஒரு தடவையிலேருந்து மூணு வாரத்துக்கு ஒரு தடவையா கொறைஞ்சுது. மெதக்கற செடியும் இதே வேலைதான் பண்ணும், ஆகாயத்தாமரை போட்டுப் பாத்தேன், ஆனா அது மேல முழுக்க பரவி கீழ இருக்கற 20 பார்ல பாதிய முழுங்கிடுச்சு, கிரிப்ட் இலை வெளுக்கவும் எடுத்துட்டேன். ஏற்கனவே இருட்டுல இருக்கற தொட்டிக்கு மேல ஒரு குடை வேணாம்.

போன வாரம் திரும்ப கொளத்தூர் போனேன், பிளாட்டிக்கு சாப்பாடு வாங்க. அதே தம்பி. "அக்கா, புதுசா ரெட் பிளான்ட் வந்திருக்கு". தண்ணிக்கு வெளிய தூக்கிக் காட்டச் சொன்னேன், தண்டு குச்சி மாதிரி நேரா நின்னுச்சு. தண்ணிக்குள்ளயே வளந்த தண்டுச் செடி வெளிய எடுத்தா ஈரத்துணி மாதிரி தொவண்டு விழும், நேரா நிக்குதுன்னா ஒண்ணு நிலச்செடி, இல்ல வெளிய வளத்த தண்ணிச் செடி, எதுவா இருந்தாலும் பேரு கேக்காம வாங்கக்கூடாது. பேரக் கேட்டேன், "ரெட் பிளான்ட்தான்க்கா". வேணாம்னுட்டேன்.

முன்பக்க வலது மூலை மட்டும் இன்னும் மொட்டையாத்தான் இருக்கு, அந்த 600 லக்ஸ் எடம். அனுபியாஸ் வெட்டின ரெண்டாவது துண்ட அங்க நகத்தி வெச்சு அஞ்சு வாரம் ஆச்சு. இருந்த நாலு இலையும் இருக்கு, புதுசு எதுவும் வரல, நடுவுல சுருட்டின மாதிரி ஒரு முனை தெரியுது, அது இலையா வேரான்னு நேத்து ராத்திரி டார்ச் அடிச்சுப் பாத்தும் சொல்ல முடியல.